நோய்ப் படுக்கையும் இளநெஞ்சமும்

ஒரு வீட்டுப் பிள்ளைக்கு நோய் கண்டால், அந்நோய் பிள்ளையின் உடம்போடு நின்றுவிடுவதில்லை. அடுப்படியிலும் அது இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பி வாசற்படி ஏறும் தந்தையின் தயக்கத்திலும் இருக்கிறது. நள்ளிரவில் விளக்கேற்றிப் பிள்ளையின் மூச்சை உற்றுக் கேட்கும் தாயின் செவியிலும் இருக்கிறது. உடம்பின் நோய்க்கு மருத்துவர் மருந்து எழுதித் தருகிறார். வீடெங்கும் பரவிக் கிடக்கும் அச்சத்துக்கு எழுதித் தருவோர் யார்? இலக்கியம் அவ்விடத்தில் ஏதேனும் செய்ய வல்லதா? செய்ய வல்லதாயின், நம் தமிழ் அதைச் செய்திருக்கிறதா? இவ்வினாக்களை முன்வைத்துச் சில நூல்களை ஈண்டு ஆராய விரும்புகிறேன்.

சிறுவர் கதைக்கும் பெரியோர் நாவலுக்கும் இடைப்பட்ட ஒரு வயது உண்டு. பதின்மூன்று தொடங்கிப் பத்தொன்பதில் முடியும் வயது அது. முயலும் நரியும் பேசும் கதைகளை அந்த வயது கடந்துவிடுகிறது; குடும்பப் புதினங்களின் சிக்கல்கள் அதற்கு இன்னும் சொந்தமாகவில்லை. மேலைநாட்டார் இவ்வயதினருக்கென்றே ஒரு புதின வகையைப் பேணி வளர்த்திருக்கிறார்கள். அவ்வகையில் நோயைப் பொருளாகக் கொண்ட நூல்கள் கடந்த சில பத்தாண்டுகளில் பெருகியுள்ளன. நம் இல்லங்களில் ஆங்கிலம் வழிப் பயிலும் பிள்ளைகள் அவற்றைத் தாமே தேடிப் படிக்கிறார்கள். அவர்கள் தலையணைக்கடியில் இருக்கும் நூல் இன்னதென்று பெற்றோர் அறியாதிருப்பது நன்றன்று. அறியாமலே தடை செய்வது அதனினும் நன்றன்று.

மறைத்தல்

நோயும் இளமையும் சந்திக்கும் கதைகளை நம் மக்கள் நூல்களில் படித்ததைவிட வெள்ளித்திரையில் கண்டதே மிகுதி. எனவே அங்கிருந்து தொடங்குவது பொருந்தும். ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1962-இல் வெளிவந்தது. கதை முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. புற்றுநோய்க்கு ஆளான கணவன் தன் நோயை அறிந்திருக்கிறான். தான் இறந்தால் மனைவியின் வாழ்வு என்னாகும் என்பதை அவளிடமே வாய்விட்டுப் பேசுகிறான். அவன் சொல்லும் தீர்வை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆயினும் நோயாளி பேசினான், மனைவி கேட்டாள், மருத்துவனும் கேட்டான்.

இருபதாண்டு கழித்து, 1982 என்னும் ஒரே ஆண்டில், ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ என இரு படங்கள் வந்து தமிழகத்தையே அழவைத்தன. இரண்டிலும் தலைவன் இளைஞன். இரண்டிலும் அவனுக்குக் கொடிய நோய். இரண்டிலும் அதை அவன் காதலியிடம் மறைக்கிறான். மறைப்பதோடு அமையாமல், அவள் தன்னை வெறுக்கும்படி நடந்தும் கொள்கிறான். அவள் வெறுப்பதை அவன் தன் தியாகமாகக் கருதுகிறான். நாமும் அப்படியே கருதிக் கைக்குட்டையை நனைத்தோம். 2012-இல் வந்த ‘மூன்று’ படத்தில் தலைவனைப் பற்றியது மனநோய். மருத்துவம் வளர்ந்துவிட்டது, நோயின் பெயரும் மாறிவிட்டது. ஆனால் மனைவியிடம் மறைக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அந்த மறைப்பு எத்தகைய முடிவுக்கு இட்டுச்செல்கிறது என்பதையும் அப்படமே காட்டுகிறது.

கலைக்கும் வாழ்வுக்கும் உள்ள தொடர்பு இங்கே வெளிப்படுகிறது. நம் குடும்பங்களில் நோயின் பெயரைப் பிள்ளையிடம் சொல்வதில்லை. “சும்மா ஒரு கட்டி” என்கிறோம். “ரத்தம் கொஞ்சம் குறைவு” என்கிறோம். பெரியவர்கள் அடுத்த அறையில் குரல் தாழ்த்திப் பேசுகிறார்கள். குரல் தாழ்கிறபோதுதான் பிள்ளையின் காது கூர்மையடைகிறது என்பதை மறந்துவிடுகிறோம். மறைத்தல் அன்பினால் பிறப்பதே, அதில் ஐயமில்லை. ஆனால் மறைக்கப்பட்ட பிள்ளைக்கு மிஞ்சுவது பாதுகாப்பன்று, தனிமை. தன் அச்சத்தைக் கேட்கவும் ஆளில்லாமல், தன்னைச் சுற்றியுள்ளோரின் அச்சத்துக்கும் தானே காரணமென்ற குற்றவுணர்வோடு அது படுத்திருக்கிறது.

வீடே மருத்துவமனை

இவ்விடத்தில் வரலாற்றுச் செய்தி ஒன்றை நினைவூட்டுவது தகும். ஐரோப்பிய இலக்கியத்தில் நோய்ப் புதினத்தின் களம் நெடுங்காலம் மலைமேலிருந்த காசநோய் விடுதியாகவே இருந்தது. 1924-இல் தாமஸ் மான் எழுதிய ‘மந்திர மலை’ சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரத்து விடுதியில் நடப்பது. நோயாளி வீட்டைவிட்டுப் போய்விடுவான். வீடு தன்பாட்டில் இயங்கும். நம்மவரும் அவ்வாறே தாம்பரத்துக்கும், ஆந்திர எல்லைக்கு அப்பால் மதனப்பள்ளி ஆரோக்கியவரத்துக்கும் போய்த் தங்கினார்கள்.

இவ்வழக்கத்தை மாற்றிய ஆய்வு நம் சென்னையில் நடந்தது. 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு விடுதியிலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தோர் பெரும்பாலும் ஏழைகள். நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தோர். ஆயினும் விடுதியில் இருந்தோருக்கு இணையாகவே அவர்களும் குணமடைந்தனர். வீட்டாருக்குத் தொற்றும் அதனால் மிகவில்லை. 1959-இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் காச மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

மருத்துவத்துக்கு அது வெற்றி. திறனாய்வாளனுக்கு அதில் இன்னொரு செய்தியும் உண்டு. அன்றிலிருந்து நீண்ட நோயின் களம் வீடாயிற்று, செவிலி தாயாயினாள், காவலன் தந்தையாயினான். இன்று எங்கள் மணவூர் நிலையத்தில் காலை வண்டிக்கு நிற்போரைப் பாருங்கள். துணிப்பையில் நெஞ்சுப்படச் சுருளோடு சென்னைப் பெரிய மருத்துவமனைக்குப் போவோர் ஒரு பக்கம். அரக்கோணம் போய் அங்கிருந்து வேலூருக்கு வண்டி மாறுவோர் மறுபக்கம். இருட்டும் முன் அவர்கள் அனைவரும் வீட்டுக்கே திரும்பி வருகிறார்கள். இரவின் அச்சம் வீட்டுக்குள்தான் விடிய வேண்டும். ஆகவே நோயைப் பற்றிய நம் காலத்துக் கதை, வீட்டுக்குள் நடக்கும் உரையாடலைப் பற்றிய கதையாகவே இருந்தாக வேண்டும்.

பெற்றோரின் பின்வாழ்வு

அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீன் 2012-இல் வெளியிட்ட ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ இவ்வகையில் பேர் பெற்றது. இளமையில் குழந்தைகள் மருத்துவமனையொன்றில் சமய ஆறுதல் கூறும் பணியில் சிறிது காலம் இருந்தவர் அவர். 2014-இல் அந்நூல் படமாயிற்று. 2020-இல் ‘தில் பேச்சாரா’ என்னும் பெயரில் இந்தியிலும் வந்து, நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே அதைப் பார்த்துத் தீர்த்தார்கள்.

பதினாறு வயது ஹேசலுக்குத் தொண்டைச் சுரப்பியில் தோன்றிய புற்று நுரையீரலுக்குப் பரவியிருக்கிறது. பிராணவாயுக் குழாயோடு நடமாடுகிறாள். எலும்புப் புற்றினால் ஒரு காலை இழந்த அகஸ்டஸ் என்னும் இளைஞனைச் சந்திக்கிறாள். இருவரும் தாம் போற்றும் எழுத்தாளர் ஒருவரைத் தேடி ஆம்ஸ்டர்டாம் போகிறார்கள். இக்காதற்பகுதியே நூலுக்குப் புகழ் தந்தது. என் கருத்தில் நூலின் மெலிந்த பகுதியும் அதுவே. நோயுற்ற இரு இளையோரும் பேசும் பேச்சில் கூர்மை மிகுதி. வலியில் இருப்பவர்கள் இத்தனை சொற்சிலம்பம் ஆடுவார்களா என்னும் ஐயம் படிப்பவருக்கு எழவே செய்யும். நம் 1982-ஆம் ஆண்டுப் படங்கள் கண்ணீரைக் கொண்டு செய்ததை இந்நூல் சில இடங்களில் சிரிப்பைக் கொண்டு செய்கிறது. இரண்டுமே நோயை அழகுபடுத்துகின்றன.

ஆனால் நூலின் உயிர் வேறோரிடத்தில் இருக்கிறது. ஹேசலின் பேரச்சம் தன் சாவைப் பற்றியதன்று. தன் சாவு வெடிக்கும்போது தன் பெற்றோர் சிதறிப்போவார்களே என்பதுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாளில், இனித் தான் தாயாக இருக்கப் போவதில்லை என்று தாய் விம்மியதை அவள் கேட்டுவிட்டாள். கேட்டதை வெளியே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறாள். இறுதியில் அது ஒரு சண்டையாக வெடிக்கும்போதுதான், தாய் ஒளித்து வைத்திருந்த செய்தி வெளிப்படுகிறது. துயருற்ற பிற குடும்பங்களுக்கு உதவுவதற்காக அவள் சமூகப் பணிக் கல்வியை மறைவாகப் படித்து வருகிறாள். மகள் மனம் புண்படும் என்று மறைத்தாள். மகளோ அச்செய்தி கேட்டு மகிழ்கிறாள்! தனக்குப் பின்னும் தாய்க்கு ஒரு வாழ்வு உண்டு என்பதைவிட அந்தப் பெண்ணுக்கு ஆறுதலான செய்தி வேறில்லை.

நம் தாய்மார்கள் இப்பகுதியைப் படிக்க வேண்டும். பிள்ளைக்கு நோய் வந்தவுடன் தன் உணவு, உறவு, உறக்கம் அனைத்தையும் துறந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்துவிடுவதே தாய்மையின் உச்சமென்று நாம் நினைக்கிறோம். அந்தத் துறவைப் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை என்ன நினைக்கிறது என்பதைக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

மரமும் மரப்பாச்சியும்

இதே துறையில் கிரீனின் நூலைவிட உயர்ந்ததென நான் கருதுவது, ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ என்னும் சிறு புதினம். 2011-இல் வந்தது. அக்கதையின் கருவைக் கொண்டிருந்த ஷிவான் டௌட் என்னும் எழுத்தாளர் அதை எழுதி முடிக்குமுன் 2007-இல் புற்றுநோயால் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற கருவைப் பேட்ரிக் நெஸ் புதினமாக்கினார்.

கோனர் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன்; தாய்க்குப் புற்றுநோய். இரவில் வீட்டின் பின்புறத்து யூ மரம் பூதமாக எழுந்து வந்து அவனிடம் மூன்று கதைகள் சொல்கிறது. நான்காவது கதையை அவனே சொல்ல வேண்டும். அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த உண்மை என்ன? தாய் பிழைக்க வேண்டுமென்று உயிர்துடிக்கும் அவனே, இந்தக் காத்திருப்பு ஒருவழியாக முடிந்துவிட்டால் போதும் என்றும் நினைத்துவிட்டான். அந்த ஒரு நினைவுக்காக எவரேனும் தன்னைத் தண்டிக்க மாட்டார்களா என்று ஏங்குகிறான். பள்ளியில் வலியப் போய் அடி வாங்குகிறான். பூதம் அவனைத் தண்டிக்கவில்லை. ஒரு மனத்தில் ஒரே நேரத்தில் இரண்டு எண்ணங்கள் இருக்கக்கூடும். எண்ணம் செயலாகாது என்பதை அவனுக்குப் புரியவைக்கிறது.

நீண்ட நாள் படுக்கையில் கிடந்த பெரியவருக்குப் பணிவிடை செய்த எவரும் இந்நினைவை அறிவர். அறிந்தும் தம்மிடமே சொல்லிக்கொள்ளத் துணியார். ஒரு சிறுவனின் வாயால் அதைச் சொல்லவைத்ததே இப்புதினத்தின் பேறு. தாய்க்கு இறுதியாகத் தரப்படும் மருந்தும் அந்த யூ மரத்திலிருந்தே எடுக்கப்படுவதாகக் கதை சொல்கிறது. இது வெறுங்கற்பனையன்று, புற்றுக்குத் தரும் பாக்லிடாக்செல் போன்ற மருந்துகள் அம்மர இனத்திலிருந்து பெறப்பட்டவையே. மருந்து தோற்கிறது, மரம் சொன்ன கதை தோற்கவில்லை.

இதற்கு ஒப்பாகத் தமிழில் ஒன்று சொல்ல முடியுமா? முடியும். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூல். அதன் பொருள் நோயன்று. பெரியவர் ஒருவரின் தவறான தொடுகையால் சிறுமி நெஞ்சில் ஏறிய அச்சம். அவள் எவரிடமும் சொல்ல இயலாததை ஒரு மரப்பாச்சிப் பொம்மை கேட்கிறது. கேட்டு, சொல்லவும் துணிவூட்டுகிறது. மரப்பாச்சி செய்யும் செம்மரம் எங்கள் திருத்தணிக்கு வடக்கேயுள்ள சேஷாசல மலைகளில் விளைவது. குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் கெடுதி இல்லை, மருந்துக்குணம் உடையது என்று பாட்டிமார் நம்பிக் கொடுத்த பொம்மை அது. ஆங்கிலேயருக்கு யூ மரம் போல நமக்குச் செம்மரம்! இரு நாட்டு எழுத்தாளர்களும், ஒருவரையொருவர் பாராமலே, அச்சங்கொண்ட பிள்ளைக்கு முதலில் வேண்டுவது அறிவுரையன்று, கேட்கும் செவி என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இதே ஆசிரியர் ‘துலக்கம்’ நாவலில் ஆட்டிசம் உடைய சிறுவனைத் தலைவனாக்கியவர் என்பதையும் குறிப்பிட வேண்டும். துறை தமிழிலும் தொடங்கிவிட்டது என்பதற்கு இவை சான்றுகள்.

மரத்துப்போதல்

அச்சத்தை மறைப்பது ஒரு வழி. உணர்வே இல்லாமல் ஆக்கிக்கொள்வது இன்னொரு வழி. அவ்வழியின் கொடுமையைத் தமிழில் சொன்ன கதை, இரா. நடராசனின் ‘ஆயிஷா’. 1996-இல் வெளிவந்து, ஆசிரியர்களிடையே கையிலிருந்து கைக்கு மாறிப் பரவிய சிறு நூல் அது.

ஆயிஷா நம் வீட்டுப் பெண். பெற்றோர் இல்லை, சித்தி வீட்டில் வளர்கிறாள். வகுப்பில் அவள் கேட்கும் கேள்விகளுக்கு ஆசிரியர்கள் பிரம்பால் விடை சொல்கிறார்கள். ஒரேயோர் ஆசிரியை மட்டும் அவள் அறிவின் ஒளியைக் கண்டுகொள்கிறாள். அவள்தான் கதையையும் சொல்கிறாள். உடம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்துகளைப் பற்றிப் படித்த ஆயிஷா, தவளையிடம் சோதித்துப் பார்த்த ஒன்றைத் தன் உடலிலும் ஏற்றிக்கொள்கிறாள். இனி அடித்தால் வலிக்காது என்று மகிழ்கிறாள். அதனாலேயே மாய்கிறாள்.

இக்கதையைக் கல்விமுறையின் மேல் தொடுத்த குற்றச்சாட்டாகவே எல்லோரும் படித்திருக்கிறார்கள். அது சரியே. ஆயினும் உளவியல் நோக்கில் படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. நாள்தோறும் அச்சத்தில் வாழும் ஓர் இளநெஞ்சம், அச்சத்தின் காரணத்தை நீக்க இயலாதபோது, அதை உணரும் தன் புலனையே கொன்றுவிட முயல்கிறது. பாடத்தில் மனம் செல்லாமல் வெறித்துப் பார்க்கும் பிள்ளை, யார் எது கேட்டாலும் “ஒன்றுமில்லை” என்று சொல்லும் பெண், கைப்பேசியின் வெளிச்சத்தில் விடியும் வரை புதைந்து கிடக்கும் பையன் ஆகியோர் ஏற்றிக்கொள்ளும் ஊசியும் ஏறத்தாழ அதுவே. ‘வலிக்கவில்லை’ என்று பிள்ளை சொல்லும் நாளே நாம் அஞ்ச வேண்டிய நாள். கதையில் எனக்குள்ள குறை ஒன்று: ஆயிஷாவின் உள்ளத்துக்குள் நாம் ஒருபோதும் நுழைவதில்லை, ஆசிரியையின் கண் வழியாகவே அவளைக் காண்கிறோம். அவள் தன் குரலில் பேசியிருந்தால் அது தமிழின் தலைசிறந்த இளையோர் புதினமாகியிருக்கும்.

பிள்ளையின் அச்சத்தை உள்ளிருந்து காட்டிய பெருமை சுந்தர ராமசாமிக்கு உரியது. இளமையில் நீண்ட நோயினால் பள்ளியை இழந்து வீட்டில் கிடந்தவர் அவர். தமிழ் எழுத்தையே பதினெட்டாம் வயதில்தான் கற்றார். 1998-இல் வந்த ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலில், கோட்டயத்து வீடொன்றில், தந்தையின் காலடி ஓசைக்கே ஒடுங்கும் பாலு என்னும் சிறுவனை அவர் படைத்தார். தந்தை கொடியவர் அல்லர். மகன்மேல் கவலை மிக்கவர். அக்கவலையே மகனிடம் போய்ச் சேரும்போது அச்சமாக மாறிவிடுகிறது. பெற்றோரின் பதற்றம் பிள்ளைக்குத் தொற்றும் விதத்தை இதனினும் நுட்பமாகக் காட்டிய தமிழ் நாவலை நான் படித்ததில்லை. ஆனால் அது பெரியவர்களுக்கான பெருநூல். பதினைந்து வயது வாசகன் தானாக எடுத்துப் படிக்கத்தக்கதன்று.

வஸ்வாஸ்

உடம்பில் நோயே இல்லாதபோதும் நோய் வந்துவிடுமோ என்று அஞ்சும் நோய் ஒன்றுண்டு. ஜான் கிரீனே 2017-இல் எழுதிய ‘டர்ட்டில்ஸ் ஆல் தி வே டவுன்’ அதைப் பற்றியது. அந்நோயோடு வாழ்பவர் தாம் என்பதை ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பதினாறு வயது ஆசா ஹோம்ஸ் தன் விரல் நுனியின் சிறு புண்ணை ஓயாமல் பிரித்துத் துடைத்துக் கட்டுகிறாள். குடலில் கொடிய கிருமி புகுந்துவிட்டதோ என்ற எண்ணம் சுழல் சுழலாகச் சுருங்கி அவளை இறுக்குகிறது. கை கழுவும் கிருமிநாசினியைக் குடிக்கும் அளவுக்குப் போகிறாள்.

முந்தைய நூலின் சொற்சிலம்பம் இங்கே இல்லை. காதல் ஆசாவைக் குணப்படுத்துவதில்லை. நெருங்கிய தோழி டெய்சிகூட அவள்மேல் சலிப்புற்று, தான் எழுதும் கதையொன்றில் அவளைத் தொல்லை தரும் பாத்திரமாக்குகிறாள். நூலின் முடிவில் முழுக்குணம் இல்லை. மருந்தும் மருத்துவர் உதவியும் கொண்டு, மீண்டும் விழுந்தும் எழுந்தும் ஒரு வாழ்வு வாழ முடியும் என்ற உறுதி மட்டும் இருக்கிறது. கண்ணீரும் மணமாலையும் இல்லாத இந்த முடிவு முன்னதைவிட நேர்மையானது.

நமக்கு இது புதிய செய்தியா? ஒளுச் செய்துவிட்டு, சரியாகச் செய்தோமா என்று ஐயுற்று மீண்டும் மீண்டும் நீரள்ளுவோரை நம் பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் கண்டிருக்கிறோம். அதற்கு ‘வஸ்வாஸ்’ என்னும் பெயரும் வைத்திருக்கிறோம். 934-இல் மறைந்த பல்கு நாட்டு அறிஞர் அபூ ஜைத் அல்பல்கீ, உடல்நலம், உள்ளநலம் இரண்டையும் இணைத்து ஒரு நூல் எழுதினார். உள்ளத்தின் துன்பங்களைச் சினம், அச்சம், துயரம், விடாது துரத்தும் எண்ணம் என நான்காக வகுத்தார். உடல்நலத்தோடு இருக்கும்போதே முதலுதவி மருந்துகளை வீட்டில் சேர்த்து வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் நாளிலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும், கலங்கும் நாளில் அவை உதவும் என்றார். நல்ல இலக்கியம் அந்தச் சேமிப்பு அல்லாமல் வேறென்ன?

சபூர் என்பது மௌனமா?

இனி நம் வீட்டுக்குள் வருவோம். பிள்ளை அஞ்சினால் “ஈமான் போதாது” என்கிறோம். அழுதால் “சபூர் செய்” என்கிறோம். சொல்பவர் ஆறுதலாகவே சொல்கிறார். கேட்கும் பிள்ளைக்கோ வாயை மூடு என்று கேட்கிறது. சூரா யூசுபில் அழகிய பொறுமையைப் பற்றிப் பேசிய அதே யஃகூப் நபி (அலை), மகனைப் பிரிந்த துயரத்தால் கண்கள் வெளுத்துப் போகுமளவுக்கு வருந்தினார் என்று அதே சூரா சொல்கிறது. குழந்தை மூஸாவை ஆற்றில் விட்ட தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனதையும், உண்மையை வெளியிட்டுவிடும் நிலைக்கு அவர் வந்ததையும் திருமறை மறைக்கவில்லை. கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் காவல் தேடும் துஆவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். கவலை பெயர் சொல்லி அழைக்கப்படுகிறது, மூடிவைக்கப்படவில்லை. நம் தமிழ் இலக்கியத்திலும் முனாஜாத்து என்னும் வகையே, நெஞ்சின் நடுக்கத்தை இறைவனிடம் உரக்கச் சொல்லும் வகைதான். பொறுமைக்கும் பேச்சுக்கும் பகையில்லை.

பேசாமையின் விலையை நாம் ஒருமுறை கொடுத்திருக்கிறோம். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலை, ஏர்வாடியில் தர்காவை ஒட்டித் தனியார் நடத்திவந்த மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் பல சமயத்தைச் சேர்ந்தவை. அன்பில்லாதவர்கள் என்று எவரையும் சொல்வதற்கில்லை. தங்கள் வீட்டில் நடப்பதற்குப் பெயர் தெரியாமல், சொன்னால் ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி, கடைசிப் புகலிடமென வந்தவர்களே மிகுதி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை அறவே தடுக்கிறது. குஜராத்தின் மீரா தாதர் தர்காவில் துஆவும் மருந்தும் ஒரே வளாகத்தில் கிடைக்கும்படி மருத்துவரும் முஜாவிர்களும் கைகோத்த முயற்சி, வழிபாட்டுக்கும் மருத்துவத்துக்கும் சண்டையில்லை என்பதைக் காட்டியது. நோயைத் தந்தவன் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான் என்ற நபிமொழிக்கு அதைவிடச் சிறந்த விளக்கவுரை வேண்டுமா?

இச்செய்தி இளையோர் இலக்கியத்துக்கு அப்பாற்பட்டதன்று. மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும், பாதி 18 வயதுக்கு முன்பும் தலைகாட்டுகின்றன என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. சங்கிலி பிணைக்கப்படுவது பின்னர். பெயரில்லாமை தொடங்குவது பள்ளிப் பருவத்தில்.

வேண்டுவது எது?

நூல் மருந்தாகிவிடாது. ஆசாவின் கதையைப் படித்துவிட்டால் ஆசாவுக்குள்ள நோய் தீராது. அதற்கு மருத்துவர் உண்டு, மருந்து உண்டு. உடனடி உதவிக்கு 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை தமிழிலும் கிடைக்கிறது. நூல் செய்யக்கூடியது ஒன்றே: தன் அச்சத்துக்கு ஒரு பெயர் உண்டு, அது தனக்கு மட்டும் வந்ததன்று என்பதை அது பிள்ளைக்குச் சொல்லும். அதன்பின் மருத்துவரிடம் போவது எளிதாகும். பெற்றோரிடம் வாய் திறப்பதும் எளிதாகும். நோயுற்ற பிள்ளையின் கையில் நூலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நீங்களும் படியுங்கள். படித்துவிட்டு, கோனர் ஏன் அப்படி நினைத்தான் என்று கேளுங்கள். பிள்ளை கோனரைப் பற்றிப் பேசுவது போலத் தன்னைப் பற்றிப் பேசும்.

எழுத்தாளர்களுக்கும் ஒன்று. மேலே கண்ட ஆங்கில நூல்களில் ஆம்ஸ்டர்டாம் இருக்கிறது. தனக்கென ஓர் அறையும் தனக்கென ஒரு காரும் உடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டுப் பேர் உறங்கும் கூடத்தின் மூலையில் படுத்திருக்கும் பிள்ளை அங்கே இல்லை. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு நோன்பு நோற்க முடியவில்லையே என்று வருந்தும் பதினான்கு வயதுப் பையன் இல்லை. வலிப்பு நோயைச் சம்பந்தம் பேசுவோர் அறியாதிருக்க வேண்டுமென்று வீடே மூச்சை அடக்குவதைக் கண்டு, தானே ஒரு குற்றமென எண்ணும் பெண்ணும் இல்லை. இவர்களை யார் எழுதுவது? 1885-இலேயே சித்தி லெப்பையை ‘அஸன்பே சரித்திரம்’ எழுதவைத்த சமுதாயம் இது. 1938-இல் நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா கடமையா’ என்று கேட்டு ஒரு புதினம் எழுதத் துணிந்த சமுதாயம் இது. அத்துணிவு இன்று நோய்ப் படுக்கையின் ஓரத்தில் வந்து அமர வேண்டும்.

அப்படி எழுத வருவோர் இரண்டைத் தவிர்ப்பாராக. பிள்ளையை இறுதி அத்தியாயத்தில் கொன்று கண்ணீர் பெறுவது ஒன்று. தொழுகையாலோ காதலாலோ ஒரே இரவில் குணமாக்கி மகிழ்ச்சி பெறுவது மற்றொன்று. இரண்டும் எழுதுவோருக்கு எளியவை. படுத்திருக்கும் வாசகனுக்குப் பயனற்றவை. நாளை காலை அவன் எழ வேண்டும், மாத்திரை விழுங்க வேண்டும், வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போக வேண்டும், மாலையில் வீடு திரும்பி உம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த நாளை அவனோடு கூடவே கடக்கும் ஒரு புதினத்தைத் தமிழ் முஸ்லிம் எழுத்தாளர் ஒருவர் எழுதித் தருவாரானால், அது பல வீடுகளில் தலைமாட்டிலேயே இருக்கும்.